பக்கக் கூலிக்கு எழுதியவர்: பியான்ச்சார்தி இருந்த ஊர்களில்

வியாழன், குரொஸ்ஸேத்தோ

ரோமிலிருந்து கடலோரமாக வடக்கே போகிற ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் குரொஸ்ஸேத்தோ வந்துவிடுகிறது. தஸ்கனி என்றதும் ஃபிளாரன்ஸ், சியனா என்று கிளம்புகிறவர்கள் இங்கே அதிகம் இறங்குவதில்லை. நான் வந்தது லூச்சானோ பியான்ச்சார்திக்காக. அவர் 1922 டிசம்பரில் பிறந்த ஊர் இது.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1955 முதல் 1971இல் இறக்கும்வரை நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்களை ஆங்கிலத்திலிருந்து இத்தாலியனுக்குக் கொண்டுவந்தவர். ஹென்றி மில்லர், ஃபாக்னர், ஸ்டைன்பெக், சால் பெல்லோ எல்லாம் அதில் அடக்கம். நாஜிக் குற்றங்களைப் பற்றிய புத்தகமும் உண்டு, அலுவலக நிர்வாகத்தைப் பற்றிய புத்தகமும் உண்டு. வாடகை கட்டுவதற்காக ஒப்புக்கொண்டவை ஏராளம். நடுவில் 1962இல் 'லா வீத்தா ஆக்ரா' என்று ஒரு நாவல் எழுதி நாடு முழுக்கப் பேர் வாங்கினார். கசப்பான வாழ்க்கை என்று அர்த்தம். இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த நாவலைத்தான் பேசுகிறார்கள். மொழிபெயர்ப்புகளை வயிற்றுப்பாட்டுக் கணக்கில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நானும் மொழிபெயர்த்துச் சாப்பிடுகிறவள். அந்த நூற்றுச் சொச்சம் புத்தகங்களும் அவருடைய எழுத்துதான், அதுவே பெரும்பங்கு என்பது என் கட்சி.

ஊர் சின்னது, காலாற நடக்கத் தோதானது. 16ஆம் நூற்றாண்டில் மெதிச்சி குடும்பம் கட்டிய அறுகோண மதில் இன்னும் முழுசாக நிற்கிறது. மதில் மேலேயே ஊரைச் சுற்றி வரலாம். சாயங்காலம் பாட்டிமார்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதைத்தான் செய்கிறார்கள். நடுவில் தாந்தே சதுக்கம். அங்கே தஸ்கனியை ஆண்ட பெரிய கோமகன் இரண்டாம் லெயோபோல்தோவின் பளிங்குச் சிலை இருக்கிறது. ஒரு கையால் துவண்டுபோன ஒரு தாயைத் தாங்கிக்கொண்டு, காலால் ஒரு பாம்பை மிதிக்கிறார். தாய் இந்த மரெம்மா பிரதேசம், பாம்பு மலேரியா. சதுப்பு நிலத்தை வடியவைக்க முயன்றவர் என்பதற்காக ஊர் வைத்த நன்றிக்கடன். சிலையைப் பார்த்தால் போதும், இந்த மண் நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எப்படிக் கிடந்தது என்று புரிந்துவிடும்.

பியான்ச்சார்தியின் அப்பா வங்கிக் காசாளர், அம்மா ஆரம்பப்பள்ளி ஆசிரியை. எட்டு வயதில் அப்பா கையில் கொடுத்த புத்தகம், இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்தியோடு சிசிலிக்குக் கப்பலேறிய ஆயிரம் பேரைப் பற்றியது. அந்தப் பித்து கடைசிவரை போகவில்லை. போரில் சிப்பாயாகப் போய், ஃபொஜ்ஜா நகரம் குண்டுவீச்சில் நாசமானதைக் கண்ணால் பார்த்தார். பிறகு ஒரு பிரிட்டிஷ் படைப்பிரிவுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். பிழைப்பாகப் போகிற வேலைக்கு அதுதான் முதல் பயிற்சி.

போர் முடிந்து ஊருக்கு வந்தவரிடம் கெல்லியானா நகர நூலகம் வந்து சேர்ந்தது. 1943இல் குண்டு விழுந்து, 1944 நவம்பரில் ஒம்ப்ரோனே ஆறு ஊருக்குள் புகுந்து, புத்தகமெல்லாம் சேறாகிக் கிடந்த நூலகம். சேற்றிலிருந்து எடுத்து, உலர்த்தி, அடுக்கி மறுபடியும் திறந்தார்கள். அதோடு நிற்கவில்லை. ஒரு வண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு சுரங்கக் கிராமங்களுக்கும் பண்ணைகளுக்கும் போனார். வாசகர் நூலகத்துக்கு வராவிட்டால் நூலகம் வாசகரிடம் போகட்டும் என்ற எண்ணம்தான். அந்த வண்டியை 'பிப்லியோபுஸ்' என்று இன்னும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு 'அக்வாகோத்தா'. வெங்காயம், செலரி, தக்காளியை நிதானமாக வேகவைத்து, பழைய ரொட்டித் துண்டின் மேல் ஊற்றி, ஒரு முட்டையை உடைத்துவிடுகிறார்கள். மாடு மேய்ப்பவர்களும் கரி சுடுபவர்களும் சாப்பிட்ட சூப். ரொட்டி அடியில் ஊறிப்போய்க் கிடக்கிறது, மேலே முட்டை பாதி வெந்த பதம். இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கினேன்.

வெள்ளி, ரிபோல்லா

காலையில் பேருந்து பிடித்து ரிபோல்லா போனேன். சூரியகாந்தி அறுத்த வயல், ஆலிவ் மரங்கள், தூரத்தில் குன்றுகள். ஊருக்குள் நுழைந்ததும் ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. சுரங்கத் தொழிலாளிகளுக்காக எழுந்த ஊர் என்று பார்த்ததுமே தெரிகிறது.

இங்கே பழுப்பு நிலக்கரி எடுத்தார்கள். சுரங்கம் மொன்தெகாத்தினி கம்பெனியுடையது. 1954 மே 4ஆம் தேதி காலையில் 'கமோர்ரா' என்ற குழியில் எரிவாயு வெடித்து 43 பேர் செத்துப்போனார்கள். பியான்ச்சார்தி அந்த நாவலில் இதை எழுதியிருக்கிறார். விடுமுறை என்று சுரங்கத்துக்குள் காற்று அனுப்பும் விசிறிகளை நிறுத்தி வைத்தது, கீழே வாயு சேர்ந்தது, அப்படியே ஆட்களை இறக்கியது என்று ஒவ்வொன்றாக, கோபத்தை அடக்கிய குரலில், கணக்கு எழுதுகிற மாதிரி. வழக்கு நடந்தது. யாருக்கும் தண்டனை இல்லை. சுரங்கத்தை 1959இல் மூடிவிட்டார்கள்.

இந்த ஆட்களை அவருக்குத் தெரியும். புத்தக வண்டி வந்து நின்ற ஊர் இது. எழுத்தாளர் கார்லோ கஸ்ஸோலாவோடு சேர்ந்து இவர்கள் கூலியையும் வீட்டையும் நுரையீரல் நோயையும் விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார். அது 1956இல் 'மரெம்மாவின் சுரங்கத் தொழிலாளிகள்' என்று புத்தகமாக வந்தது. வெடிப்புக்குச் சில வாரம் கழித்து அவர் மிலானுக்குக் கிளம்பிவிட்டார். மனைவியும் குழந்தையும் ஊரில். அங்கே புதிதாக ஆரம்பிக்கிற ஒரு பதிப்பகத்தில் வேலை.

நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். இந்தியா என்றேன். பியான்ச்சார்திக்காக வந்தேன் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். "நூலகத்துக்காரர்" என்றார். எழுத்தாளர் என்று சொல்லவில்லை. அவருடைய அப்பா அந்த வண்டியில் புத்தகம் எடுத்தவராம். என்ன புத்தகம் என்று கேட்டேன். "அப்பாவுக்குப் படிக்க வராதம்மா. எனக்காக எடுத்தார்" என்றார்.

பேருந்து வர ஒரு மணி நேரம் இருந்தது. அதுவரை அவரே பேசிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் முழங்கால் வலியைப் பற்றி.

சனி, மிலான்

பகல் பூரா ரயில். ராத்திரி தம்பி வீட்டில் தங்கல். அவன் இங்கே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். சாம்பார் வைத்திருந்தான். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிறு, மிலான்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தியாஸ் சதுக்கத்தில் பழைய புத்தகச் சந்தை கூடும். பேராலயத்திலிருந்து இரண்டு நிமிட நடை. அதற்காகவே பயணத்தை இந்த வாரம் வைத்துக்கொண்டேன். தம்பியும் கூட வந்தான்.

வேலை என்னவென்றால், ஒவ்வொரு மேஜையிலும் 1955க்கும் 1971க்கும் நடுவில் வந்த புத்தகத்தை எடுப்பது, தலைப்புப் பக்கத்தைத் திருப்புவது, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. அட்டையில் இருக்காது. தலைப்புப் பக்கத்தில் சில சமயம் இருக்கும். பெரும்பாலும் பதிப்புரிமை, அச்சகத்தின் பெயர், மூலத்தின் தலைப்பு இவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு வரி: 'மொழிபெயர்ப்பு லூச்சானோ பியான்ச்சார்தி'. காகிதம் மஞ்சளாகி ஓரம் பொடிகிறது. சில பிரதிகளில் அந்த வரிக்குப் பக்கத்தில் பழைய சொந்தக்காரர் பென்சிலில் விலை எழுதி வைத்திருக்கிறார்.

கிடைத்தவற்றைச் சொல்கிறேன். ஒரு வரிசையில் பார்த்தால்தான் இந்த மனுஷன் எவ்வளவு தூரம் கை நீட்டியிருக்கிறார் என்று தெரியும். சால் பெல்லோவின் ஆப்பிரிக்கா நாவல், 1959. அதே வருஷம் ஒசாமு தசாயின் 'சாயும் சூரியன்', ஜப்பானிய நாவல், ஆங்கிலம் வழியாக. அதே வருஷம்தான் 'பார்க்கின்சன் விதி'யும். இருக்கிற நேரத்துக்குத் தக்க வேலை நீளும் என்கிற அந்தப் புத்தகம். பிரெண்டன் பீஹனின் சிறுவர் சிறைக் கதை, 1960. ஸ்டைன்பெக்கின் கடைசி நாவல், 1962. அப்புறம் 1967இல் ரிச்சர்ட் பிராட்டிகன். அயர்லாந்துக்காரப் பையன் திட்டுவதையும் டோக்கியோவில் நொடித்துப்போன குடும்பத்துப் பெண் தாழ்ந்த குரலில் பேசுவதையும் ஒரே ஆள் ஒன்றிரண்டு வருஷத்துக்குள் எழுதியிருக்கிறார். எனக்கு ஒரு புத்தகத்தின் குரலிலிருந்து வெளியே வரவே மாசக்கணக்காகிறது.

முதல் புத்தகம் மட்டும் கிடைக்கவில்லை. ஃபெல்த்ரினெல்லி பதிப்பகம் 1955இல் கடை திறந்தபோது வெளியிட்ட முதல் இரண்டு நூல்களில் ஒன்று, நாஜிப் போர்க் குற்றங்களைப் பற்றி லிவர்பூல் ரஸ்ஸல் பிரபு எழுதியது. அதுதான் பியான்ச்சார்தியின் முதல் மொழிபெயர்ப்பு. இன்னொன்று நேருவின் சுயசரிதை! இதைச் சொன்னதும் தம்பிக்கு ஒரே ஆச்சரியம். "இங்க ஆரம்பிச்சதே நம்ம நேருவ வெச்சாக்கா?" என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் அவனும் மும்முரமாகத் தேட ஆரம்பித்துவிட்டான். அதுவும் கிடைக்கவில்லை.

ஒரு கடைக்காரர், அறுபது வயதிருக்கும், நான் தலைப்புப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரைத் தேடுகிறீர்கள் என்றார். சொன்னேன். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து, தடிமனாக ஒன்றை எடுத்தார். மில்லரின் இரண்டு 'டிராபிக்' நாவல்களும் ஒரே தொகுப்பாக, ஃபெல்த்ரினெல்லி, 1962. ஆபாசம் என்று வழக்குப் போடுவார்கள் என்பதால், வெளிநாட்டு விற்பனைக்கென்று அச்சிட்டு உள்ளூரில் மறைவாகக் கைமாறிய பதிப்பு. விலையைக் கேட்டுவிட்டுத் தொட்டுப் பார்த்து வைத்துவிட்டேன். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் இரண்டு பக்கம் படித்தேன். மூச்சு விடாமல் ஓடுகிற வாக்கியங்கள், வசை, அடுக்கடுக்காகச் சாப்பாட்டுப் பேர்கள். தஸ்கனிப் பேச்சுமொழி உள்ளே புகுந்து வேலை செய்கிறது. பக்கக் கூலிக்காக அள்ளித் தெளித்த எழுத்து இப்படி இருக்காது.

திங்கள், மிலான்

பிரேரா பகுதி இப்போது பணக்காரத் தெருக்கள். துணிக்கடை, வாசனைத் திரவியக் கடை. 1954இல் பியான்ச்சார்தி வாடகை அறையில் இருந்தபோது ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் கடன் சொல்லிக் குடித்த இடம். பிரேரா தெருவில் 'ஜமைக்கா' என்ற அந்த மதுக்கடை இன்னும் இருக்கிறது. உள்ளே போய் ஒரு காபி குடித்தேன். சுவரில் பழைய படங்கள், வெளியே மேஜை போட்டு வெளிநாட்டுக்காரர்கள்.

ஃபெல்த்ரினெல்லி பதிப்பகத்தில் அவர் நிலைக்கவில்லை. மந்தம், வேலை ஓடவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நாவலில் வருகிறவனும் காலை இழுத்துக்கொண்டு நடக்கிறான் என்பதற்காகத்தான் வேலையை இழக்கிறான். ஆனால் அதே பதிப்பகம் வீட்டுக்கு மொழிபெயர்ப்பு வேலையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் மந்தம் என்று தள்ளிய ஆள் வீட்டில் நூறு புத்தகம் முடித்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

கூலி பக்கக் கணக்கு. இடைவெளி, நிறுத்தக்குறி எல்லாம் சேர்த்து 2000 தட்டல் ஒரு பக்கம். அதை 'கார்த்தெல்லா' என்கிறார்கள், இன்றைக்கும் இத்தாலியில் மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி பெரும்பாலும் இந்த மாதிரிப் பக்கக் கணக்கில்தான். ஒரு புத்தகத்துக்கு 250 பக்கம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். நூறு புத்தகத்துக்கு 25,000 பக்கம். பதினாறு வருஷத்தில் ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல் எதுவும் பார்க்காமல் நாளுக்கு நான்கு பக்கத்துக்கு மேல், அதுவும் அச்சுக்குப் போகிற சுத்தத்தில். நாவலில் இந்தக் கணக்குத்தான் கதாநாயகன் தூங்கப் போகும்வரை அவன் மண்டையில் ஓடுகிறது. இத்தனை பக்கம் முடித்தால் வாடகை, இத்தனை முடித்தால் ஊரிலிருக்கிற மனைவிக்கு அனுப்ப வேண்டியது, இத்தனை முடித்தால் கரண்ட் பில். அவன் சொல்லச் சொல்ல, கூட வாழும் பெண் தட்டச்சு செய்கிறாள். நிஜத்தில் அந்தப் பெண் மரியா யாத்தொஸ்தி, அவரும் எழுத்தாளர். எத்தனையோ பக்கங்களில் அவர் உழைப்பும் கலந்திருக்கிறது. புத்தகத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில்கூட அவர் பெயருக்கு எப்போதும் இடம் கிடைக்கவில்லை.

மதியம் தொனேகானி சதுக்கம் போனேன். மொன்தெகாத்தினி கம்பெனியின் தலைமையகம் இங்கேதான் இருந்தது. ஜியோ பொந்தி வடிவமைத்து 1938இல் முடிந்த கட்டடம், எதிரே 1951இல் கட்டிய இன்னொன்று. சதுக்கத்துக்குப் பேரே கம்பெனித் தலைவர் கூய்தோ தொனேகானியின் பெயர்தான். நாவலின் கதாநாயகன் மிலானுக்கு வருவதே, நாற்பத்து மூன்று பேர் சாவுக்குப் பதிலாக இந்தக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்க்கத்தான். கண்ணாடியும் சிமெண்டுமான கோபுரம் என்று அதை வர்ணிக்கிறான். நேரில் அவ்வளவு உயரமில்லை. ஒழுங்காக, சுத்தமாக, அலுமினியச் சட்டம் போட்ட ஜன்னல்களோடு, யாரையும் தொந்தரவு செய்யாத மாதிரி நிற்கிறது. நடைபாதையில் நின்று ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரிபோல்லாவின் ஒரே மாதிரி வீடுகள் நினைவுக்கு வந்தன. அந்த வீடுகளில் இருந்தவர்களின் கூலியை இந்த ஜன்னல்களுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் தீர்மானித்திருக்கிறார்கள்.

கதையில் கட்டடம் வெடிப்பதில்லை. அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை, பக்கங்களை முடிக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கும் விமரிசகர்களுக்கும் சண்டை. மொழிபெயர்ப்பு அவரைத் தின்றுவிட்டது என்கிறார்கள். தின்றது குறைந்த கூலி. மொழிபெயர்ப்பு அவருக்குக் கொடுத்ததைப் பாருங்கள். மில்லரை மொழிபெயர்த்த கையோடு எழுதியது 'லா வீத்தா ஆக்ரா'. தன்மையில் சொல்கிற, வசையும் பாட்டும் கணக்கும் கலந்து கொட்டுகிற அந்தக் குரல் அதற்கு முந்தைய அவருடைய புத்தகங்களில் இந்த வேகத்தில் இல்லை. மாசக்கணக்காக மில்லரை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டச்சு செய்ததில் வந்து சேர்ந்தது. நேற்றுச் சந்தையில் படித்த இரண்டு பக்கத்தையும் நாவலின் முதல் அத்தியாயத்தையும் இன்றைக்கு அடுத்தடுத்து வைத்துப் படித்தேன், சந்தேகமே இல்லை.

நாவல் நன்றாக விற்றது. 1964இல் கார்லோ லித்ஸானி படமாக எடுத்தார், உகோ தொன்யாத்ஸி நடித்தார். பெரிய பத்திரிகையாளர் இந்த்ரோ மொந்தனெல்லி பாராட்டி எழுதி, 'கொர்ரியேரே தெல்லா சேரா'வில் எழுதக் கூப்பிட்டார். நாட்டின் முன்னணிப் பத்திரிகை, நல்ல சம்பளம். பியான்ச்சார்தி வேண்டாம் என்றுவிட்டார். மொழிபெயர்ப்பை மட்டும் விடவில்லை.

செவ்வாய், ரபால்லோ

தம்பிக்கு இன்றைக்கு விடுமுறை. இரண்டு பேரும் ஜெனோவா வழியாக ரயிலில் வந்தோம். ஜெனோவா தாண்டியதும் 'க்வார்த்தோ தெய் மில்லே' என்ற சின்ன ஸ்டேஷன் வருகிறது. 1860 மே மாதம் கரிபால்தி ஆயிரம் பேரோடு கப்பலேறிய கரை. எட்டு வயதில் அந்தப் புத்தகத்தைப் படித்தவர், கடைசிக் காலத்தில் ரபால்லோவுக்கும் ஜெனோவாவுக்கும் நடுவில் எத்தனை முறை இதைக் கடந்திருப்பார்! நாவலுக்குக் கிடைத்த பேரை வைத்து அவர் எழுதத் தேர்ந்தெடுத்ததும் இந்த வரலாறுதான். 1969இல் வந்த ஒரு புத்தகம் முழுக்க அந்த விடுதலைப் போராட்டக் கதை.

ரபால்லோ அழகான ஊர், அதில் சந்தேகம் வேண்டாம். தண்ணீருக்குள் நிற்கிற குட்டிக் கோட்டை, பனைமரங்கள், கடற்கரை நடைபாதை. ஆனால் 60களில் குன்றெல்லாம் அடுக்குமாடி எழும்பி, கண்மண் தெரியாமல் கட்டுவதற்கே இத்தாலியனில் இந்த ஊர்ப் பேரை வைத்துவிட்டார்கள். பியான்ச்சார்தி 1964இல் மிலானை விட்டு இங்கே வந்தார், மரியாவோடும் அவர்கள் பையனோடும். கடற்கரையில் இல்லை, உள்ளே தள்ளி சந்தான்னா பகுதியில். நடந்து போய்ப் பார்த்தோம். அவர் இருந்த வீடு எது என்று தேடவில்லை. சாதாரணக் குடியிருப்பு, பால்கனியில் துணி காய்கிறது, கீழே மெக்கானிக் கடை. கடல் தெரியவில்லை. இங்கே உட்கார்ந்துதான் பக்கத்துக்குப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார், குடியும் கூடிக்கொண்டே போனது. 1970இல் மிலானுக்குத் திரும்பினார். விளையாட்டுப் பத்திரிகை ஒன்றில் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதினார். 1971 நவம்பர் 14ஆம் தேதி இறந்தபோது 49 வயதுகூட நிறையவில்லை.

தம்பி அதிகம் பேசவில்லை. திரும்பி வரும்போது, "மணிக்கணக்குக் கூலிதான் நமக்கும், ஆனா வீட்டுக்கு வந்தா மண்டைக்குள்ள எதுவும் ஓடாது. இவருக்கு அதுவும் இல்லயேக்கா" என்றான்.

கடைத்தெருவில் ஒரு புத்தகக் கடை. புதுப் பதிப்புகள் மட்டும் விற்கிறார்கள். மில்லர் இருந்தார், தசாயும் இருந்தார், அதே ஃபெல்த்ரினெல்லி, சின்ன அளவில். இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். இரண்டிலும் பியான்ச்சார்தியின் மொழிபெயர்ப்பேதான், அறுபது வருஷம் கழித்தும். கல்லாவில் இருந்த பெண்ணிடம் இந்த மொழிபெயர்ப்பாளரைத் தெரியுமா என்று கேட்டேன். வாங்கிப் பார்த்தாள். "ஓ, 'லா வீத்தா ஆக்ரா' எழுதினவர்! இதையும் அவரா செய்தார்?" என்றாள். ஆமாம், இதைப்போல இன்னும் நூறு என்றேன். இன்னொரு பிரதி எடுத்து, தலைப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஜப்பானிய நாவல்கள் அலமாரியிலிருந்து மேஜைக்கு மாற்றி வைத்தாள்.

தம்பிக்கு தசாயை வாங்கிக் கொடுத்தேன். அவன் இத்தாலியன் பேசுவான், படிக்கத்தான் தயங்குகிறான். சின்னப் புத்தகம், சுத்தமான வாக்கியங்கள், பழக ஏற்றது. ஜெனோவாவில் ரயில் மாறும்போது பதினோராவது பக்கத்தில் இருந்தான்.